சம்பந்தியின் ஹோர்ன்

சம்பந்தியின் ஹோர்னைக் கழற்றப் போகிறேன் என்று வெளியில் சொல்லவே அம்பலவாணனுக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தொரு வருடம் லண்டன் பஸ் கராஜில் மின்வேலை பார்த்த கை அது. மாடி பஸ்ஸின் வயர்க்கட்டைக் கண்ணை மூடித் தடவியே எது லைட்டுக்குப் போகிறது, எது கதவுக்குப் போகிறது என்று சொல்லிவிடும். ஓய்வுபெற்ற இரண்டாம் வருடத்தில் அந்தக் கைக்குக் கிடைத்த வேலையைப் பாருங்கள்: ஒரு கிழட்டு மோட்டார்ஹோமில் இருக்கும் பாட்டு ஹோர்னைக் கழற்றி, அதைவிடக் கிழடான இன்னொரு மோட்டார்ஹோமில் பூட்டுவது.

இரண்டு வண்டிகளும் புவனேந்திரனுடையவை. அம்பலவாணனின் ஒரே மகள் ஜதுர்ஷிகா கட்டப்போகிற நிசாந்தனின் தகப்பன்தான் இந்தப் புவனேந்திரன். கலியாணங்களுக்கு மணவறை சோடிப்பது தொழில். லண்டனின் தெற்கே மிச்சம் என்கிற ஊரில், டிராம் பாதைக்கு அருகே ஒரு களஞ்சியமும் அதன் பின்னால் வண்டி விடுகிற வளவாக ஒரு யாட்டும் வைத்திருந்தார். களஞ்சியத்துக்குள் தெர்மோகோல்போன்ற ரெஜிபோமில் வெட்டிய யானைகள், பிளாஸ்டிக் தாமரைகள், வாடகைக்கு விடும் குத்துவிளக்குகள். யாட்டில் அந்த இரண்டு வண்டிகள். பழையது எழுபத்தோராம் ஆண்டு பெட்போர்ட்; அடிச்சட்டம் துருப்பிடித்து, கால் வைத்தால் கால் கீழே போய்விடும். புதிதாக வாங்கியது அறுபத்தெட்டாம் ஆண்டு கொமர். முந்தியதற்கு 'ராசாத்தி' என்று பெயர். வந்ததற்கு 'சின்ன ராசாத்தி'. வயதில் மூத்ததைச் சின்னது என்று கூப்பிடுகிற குடும்பத்தில்தான் தன் மகள் போய் விழப் போகிறாள் என்று அம்பலவாணன் மனைவி யோகமலரிடம் ஒருநாள் சொல்லிச் சலித்துக்கொண்டார்.

புவனேந்திரனை ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டால் அவர் விரல் மடக்கத் தொடங்கிவிடுவார். வண்டி ஓட்டும்போது போடுகிற கப்பல் கப்டன் தொப்பி ஒன்று. எதைச் சொன்னாலும் "அதுவும் நல்லதுதான் அண்ணை" என்று தலையாட்டுவது இன்னொன்று. தன் பகிடிக்குத் தானே முதலில் சிரிப்பது மற்றது. உள்ளே போய்ப் பார்த்தால் காரணம் ஒன்றுதான். அந்த மனிதர் வெட்கமில்லாமல் சந்தோசமாக இருந்தார். அறுபது வயதில் ஒரு ஆண்பிள்ளை அப்படி இருப்பதை அம்பலவாணனால் பொறுக்க முடியவில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே அந்த ஹோர்ன். ஆறு பித்தளைக் குழல்கள், ஒரு கொம்பிரசர். சுவிட்சைத் தட்டினால் கொம்பிரசர் காற்றை ஒவ்வொரு குழலுக்கும் முறை வைத்து அனுப்பும். ஆறு சத்தம் வரிசையாக வந்து ஒரு சின்ன மெட்டாகும். குடும்பத்தில் பிறந்தநாள் என்றாலும் பூப்புனித நீராட்டு என்றாலும் புவனேந்திரன் வந்து இறங்குவதற்கு முன் கார் பார்க்கில் அதை அடிப்பார். பன்னிரண்டு வருடப் பழக்கம். ஆறாவது சத்தம் முடிந்ததும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து "ஓய்!" என்று கத்துவார்கள். பெரியவர்களும் கத்துவார்கள். பல்லுப் போன கிழவிகளும் கத்துவார்கள். இதைக் கேள்விப்பட்டபோதே என்ன பரம்பரையோ என்று அம்பலவாணன் நினைத்தார்.

மாசி மாதம் பதிவுக் கலியாணத்தன்று அவர் வாயை அடக்கவில்லை. கார் பார்க்கில் ஹோர்ன் அடித்தது, எல்லோரும் "ஓய்!" என்றார்கள், அந்த ஆரவாரம் அடங்குவதற்குள் அம்பலவாணனின் குரல் தெளிவாகக் கேட்டது.

"இதென்ன ஹோர்னோ? வயித்தாலை போற மாடு கத்தினமாதிரியெல்லோ கிடக்கு!"

ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. புவனேந்திரனின் அக்கா சாப்பிடாமலே வீட்டுக்குப் போனார். புவனேந்திரன் மட்டும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்து அம்பலவாணனுக்கு இன்னும் கோபம் வந்தது.

அன்று பின்னேரம் மோர்டனில் தங்கள் வீட்டுக் குசினியில் வைத்து ஜதுர்ஷிகா சொன்னாள். அவள் மருந்தகத்தில் வேலை செய்கிறவள். அழும்போதுகூட அளந்துதான் பேசுவாள்.

"அப்பா, லிசின். இன்னொருக்கா நீங்கள் அவையளை இன்சல்ட் பண்ணினால், கலியாணத்திலை என்னைத் தாரைவாத்துக் குடுக்கிறது சித்தப்பாதான். நான் ஜோக் அடிக்கேல்லை."

சித்தப்பா என்றால் அம்பலவாணனின் தம்பி கிருஷ்ணராசா. வீட்டில் பல்ப் பியூஸ் போனால் ஆள் பிடிக்கிற மனிதர். அவர் போய் மணவறையில் இருந்து, தன் மகளின் கையைப் பிடித்துக் கொடுப்பதா? உலகத்தில் அம்பலவாணனுக்கு வேறு ஆசை எதுவும் பெரிதாக இருந்ததில்லை. நண்பர் என்று ஒருவர் கிடையாது. எல்லோரையும் ஏதோ ஒரு காரணத்துக்காகத் தள்ளி வைத்தாயிற்று. இந்தப் பெண் ஒருத்திதான். அவளை ஒருவன் கையில் ஒப்படைக்கிற அந்த ஐந்து நிமிடம் தன்னுடையது என்று அவள் பிறந்த நாளிலிருந்தே நினைத்திருந்தார்.

"சரி பிள்ளை. நான் இனி வாயே திறக்கேல்லை" என்றார்.

கலியாணத்துக்கு ஒரு கிழமை இருக்கும்போது புவனேந்திரன் போன் எடுத்தார். "அண்ணை, ஒரு உதவி. ராசாத்தி இனி ஓடாது. மாப்பிள்ளை சின்ன ராசாத்தியிலைதான் வாறார். ஹோர்னை மாத்திப் பூட்டவேணும். உங்களை விட்டால் ஆர் இருக்கினம்?" யோகமலர் பக்கத்தில் நின்று கண்ணால் கெஞ்சினார். அம்பலவாணன் "ஓம்" என்றார். அந்த ஓமைச் சொல்வதற்கு அவர் எவ்வளவு பாடுபட்டார் என்பது யோகமலருக்குத்தான் தெரியும்.

திங்கட்கிழமை காலை டிராமில் போய் இறங்கினார். யாட்டில் புவனேந்திரன் தொப்பியோடு நின்றார். ஓடாத வண்டிக்குப் பக்கத்தில் நிற்பதற்கு எதற்குத் தொப்பி என்று அம்பலவாணன் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்குத் தன்னைத் தானே மெச்சிக்கொண்டார்.

"ஒருக்கா அடிச்சுக் காட்டட்டோ அண்ணை? பட்டரியிலை இன்னும் கொஞ்சம் சார்ஜ் கிடக்கு."

"தேவையில்லை."

"இல்லை, கழட்ட முதல் ஒருக்கா…"

"எனக்குத் தெரியும். நான் கேட்டிருக்கிறன்."

கராஜில் முதல்நாள் சேர்கிற ஆளுக்குச் சொல்லப்படுகிற முதல் விதி அது: எதைத் திறந்தாலும், திறக்கும் முன் அதை ஒரு தடவை ஓட்டிப் பார், காது கொடுத்துக் கேள். அந்த விதியை முப்பத்தொரு வருடம் அம்பலவாணன் ஒருநாளும் மீறவில்லை. அன்று மீறினார். ஹோர்னை அவர் கேட்டிருக்கிறார் என்பது உண்மைதான், பதிவன்று கேட்டார். கேட்டதெல்லாம் அந்த மாட்டுப் பகிடியை எப்படிச் சொன்னால் எடுபடும் என்று யோசித்தபடிதான். மெட்டு எது என்று இன்றைக்கு அவரைக் கேட்டால் அவருக்குத் தெரியாது. அந்தக் கண்றாவியை இன்னொரு தரம் காதில் விழுத்துவதைவிட விதியை மீறுவது மேல் என்று பட்டது.

வேலையை மற்றப்படி ஒழுங்காகத்தான் செய்தார். கொம்பிரசரிலிருந்து ஆறு ரப்பர் ரியூப் போகிறது. ஒவ்வொரு ரியூப்பின் நுனியிலும் வெள்ளை ஒட்டு ரேப் சுற்றி ஒன்றிலிருந்து ஆறு வரை எழுதினார். அது போகிற குழலின் அடியில் கறுப்பு மாக்கர் பேனையால் அதே இலக்கம். ஒன்று ஒன்றுக்கு, இரண்டு இரண்டுக்கு. குழந்தைப்பிள்ளையும் பூட்டலாம். வண்டிக்குள் வயர் வேலையைப் பார்த்தபோது மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டார். சிவப்பு வயர் போகவேண்டிய இடத்தில் பச்சை, அதன்மேல் மூன்று சுற்று பார்சல் ஒட்டுகிற ரேப். இதைப் பூட்டினவனைக் கட்டி வைத்து அடிக்கவேண்டும் என்று வாய்வரை வந்தது. விழுங்கினார்.

குழல்களை ஒரு வாழைப்பழப் பெட்டியில் அடுக்கிக் களஞ்சியத்தில் வைத்தார். அங்கே புவனேந்திரனின் மனைவி சிவகௌரி மணவறைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

"இதுக்கு ஏதும் செய்யவேணுமோ அண்ணை?" என்று அவர் கேட்டார்.

இலக்கம் போட்டிருக்கிறேன், கை வைக்காதீர்கள் என்று நாலு சொல் சொல்லியிருக்கலாம். ரெஜிபோம் யானைக்குப் பொட்டு வைக்கிறவர்களுக்கு ரியூப்பும் இலக்கமும் சொல்லி விளங்கவா போகிறது என்று நினைத்தார். "ஒண்டுமில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

செவ்வாய் முழுவதும் கொமர் வண்டிக்குள் குனிந்து கிடந்து வயர் இழுத்தார். புதிய ரிலே, புதிய பியூஸ், ஒவ்வொரு மூட்டும் ஈயம் பிடித்து, அதன்மேல் உறை. அழகான வேலை. பார்த்து மெச்ச அங்கே தகுதியான ஒரு சீவன் இல்லையே என்பதுதான் மனக்குறை. புவனேந்திரன் இரண்டு தரம் தேத்தண்ணி கொண்டுவந்து, "அருமையாய்க் கிடக்கு அண்ணை" என்றார். இவர் மெச்சி எனக்கென்ன என்று அம்பலவாணன் தேத்தண்ணியை மட்டும் எடுத்துக்கொண்டார்.

புதன்கிழமை காலை அவர் வந்தபோது, சிவகௌரி ஒரு பெரிய தாம்பாளத்தைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார். அதில் ஆறு குழல்கள். தங்கம்போலப் பளபளத்தன. ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு சந்தனப் பொட்டு, அதன் நடுவில் குங்குமம்.

"நேற்று விளக்கெல்லாம் மினுக்கினனாங்கள் அண்ணை. அதோடை இதையும் புளி போட்டு மினுக்கிப்போட்டன். செத்த வண்டியின்ரை சாமானைக் கலியாண வண்டியிலை அப்பிடியே பூட்டலாமோ? துடக்கெல்லோ. நல்லாய் உப்புப் போட்டுத் தேய்ச்சு, மஞ்சள் தண்ணியும் தெளிச்சு எடுத்தது."

அம்பலவாணன் ஒரு குழலை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். இலக்கம் இல்லை. அடுத்ததிலும் இல்லை. ஆறிலும் இல்லை. புளியும் உப்பும் போட்டுத் தேய்த்தால் மாக்கர் நிற்குமா? வண்டிக்குச் சாவு, ஹோர்னுக்குத் துடக்கு, அந்தத் தீட்டுக்கு ஒரு கழிப்பு! மூளை என்று ஒன்று உங்களுக்கு இருக்கிறதா என்று கேட்க வாயைத் திறந்தார். மகளின் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே கிருஷ்ணராசாவின் முகமும் வந்தது.

"நல்லாயிருக்கு" என்றார்.

சிவகௌரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. தாலிக்கொடியை அம்மன் காலடியில் வைத்து எடுப்பதற்காகப் புருசனும் மனைவியும் வெஸ்ட் ஈலிங் கோயிலுக்குப் புறப்பட்டார்கள். "கதவுத் திறப்பு உள்ளை கிடக்கு அண்ணை. ஏதும் வேணுமெண்டால் போனிலை ஒரு கோல் அடியுங்கோ" என்று சொல்லிவிட்டுப் புவனேந்திரன் காரை எடுத்தார்.

தனியாக நின்று அம்பலவாணன் குழல்களைப் பரப்பினார். பயப்படுகிற ஆள் இல்லை அவர். நினைவு நல்ல கூர்மை. ஆக நீளமானது முதலாவது, அதில் சந்தேகமில்லை. வாய் சற்று நெளிந்திருந்தது இரண்டாவது. ஈயம் வைத்த தழும்பு இருந்தது மூன்றாவது. கழுத்துத் தடித்தது ஐந்தாவது. மிஞ்சினவை இரண்டு. நாலாவதும் ஆறாவதும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே அளவு, அளந்தால் ஒரு சென்ரிமீற்றர்தான் வித்தியாசம். எது எது?

ஒரு மாதிரியாகப் பூட்டி அடித்துப் பார்த்தார். ஏதோ ஒரு மெட்டு வந்தது. மாற்றிப் பூட்டி அடித்தார். வேறொரு மெட்டு வந்தது. இரண்டும் மாடுதான். திரும்பவும் மாற்றினார். கண்ணை மூடிக்கொண்டு பதிவன்றைய கார் பார்க்கை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தார். தன் குரல் மட்டும் நன்றாக நினைவிருந்தது.

போனை எடுத்தார். புவனேந்திரனின் பெயர் திரையில் இருந்தது. ஒரே ஒரு கேள்வி. மெட்டை ஒருக்கா வாயால் சொல்லுங்கோ, அவ்வளவுதான். அந்த மனிதர் கோயில் வாசலில் நின்றென்றாலும் சந்தோசமாகப் பாடியிருப்பார். அதுதான் பிரச்சினை. அவர் பாடுவார், பாடிவிட்டுச் சிரிப்பார், சிரித்துவிட்டு அக்காவுக்குச் சொல்வார், அம்பலவாணண்ணைக்கே தெரியாமல் போச்சு என்று மண்டபம் முழுக்கச் சொல்வார். மாக்கரில் எழுதினேன் என்றால், அதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்பார்கள். முப்பத்தொரு வருடத்தில் எனக்குத் தெரியாது என்று அவர் எந்த இன்ஸ்பெக்டரிடமும் சொன்னதில்லை. ஒரு சோடனைக்காரனிடம் போய்ச் சொல்வதா?

வாயைத் திறக்கமாட்டேன் என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்று தனக்குத்தானே ஒரு நியாயமும் சொல்லிக்கொண்டார். எதற்கு மூடச் சொன்ன வாயை எதற்கு மூடினார் பாருங்கள்.

போனைச் சட்டைப்பைக்குள் போட்டார். இரண்டில் எது கேட்க ஒழுங்காக இருக்கிறது என்று யோசித்து, கடைசிச் சத்தம் மேலே ஏறி முடிகிற மாதிரியே பூட்டி இறுக்கினார். அந்த மெட்டை உண்டாக்கியவன் எவனாக இருந்தாலும் அவனைவிடத் தன் தீர்மானம் மேல் என்ற நம்பிக்கை அவருக்கு இருந்தது. அதோடு, புவனேந்திரனுக்கு விளங்கவா போகிறது?

வியாழக்கிழமை புவனேந்திரன் வண்டியை எடுக்க வந்தார். ஏறி இருந்து, தொப்பியைச் சரிசெய்து, சுவிட்சைத் தட்டினார். ஆறு சத்தமும் வந்தன. அம்பலவாணன் கையைத் துணியில் துடைத்தபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். புவனேந்திரனின் கை சுவிட்சில் அப்படியே நின்றது. இன்னொரு தரம் தட்டினார். பிறகு கண்ணாடிக்கு வெளியே அம்பலவாணனைப் பார்த்தார்.

"நல்லாயிருக்கு அண்ணை. கை எண்டால் உங்கடை கைதான்."

அம்பலவாணனுக்கு மனம் குளிர்ந்தது. பன்னிரண்டு வருடம் தானே அடித்த மெட்டு மாறியது இந்தச் செவிடனுக்குத் தெரியவில்லை! இதற்காகவா நேற்றுப் பகல் முழுக்கத் தலையைப் பிய்த்தேன் என்று நினைக்கச் சிரிப்பு வந்தது. வாய் நிறையச் சிரித்தார். காது வரை சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பல வருடம் இருக்கும். புவனேந்திரனும் சேர்ந்து சிரித்தார். டிராமில் வீடு போகும் வழியெல்லாம் அந்தச் சிரிப்பு அம்பலவாணனின் முகத்தில் ஒட்டிக்கொண்டே வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மண்டப வாசலில், பட்டு வேட்டியும் சால்வையுமாக அம்பலவாணன் மாப்பிள்ளையை எதிர்கொள்ள நின்றார். சின்ன ராசாத்தி மாலை போட்டுக்கொண்டு கார் பார்க்குக்குள் ஊர்ந்து வந்தது. மாப்பிள்ளைப் பகுதியார் நூறு பேருக்குக் குறையாமல் இரண்டு பக்கமும் திரண்டார்கள். பிள்ளைகள் நுனிக்காலில் நின்றார்கள். ஹோர்ன் அடித்தது.

ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவதில் ஒரு சிறுமி முகத்தைச் சுளித்தாள். ஆறாவது முடிந்தது. சிலர் "ஓ…" என்று தொடங்கிப் பாதியில் விட்டார்கள். ஒருத்தன் தனியாக "ஓய்!" என்று கத்தி, தன் குரலைத் தானே கேட்டு வெட்கப்பட்டான். எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். புவனேந்திரனின் அக்கா மட்டும் ஒருவரையும் பார்க்கவில்லை. நேரே அம்பலவாணனைப் பார்த்தார்.

"வேணுமெண்டு செய்திருக்கிறார். அண்டைக்கு மாடு எண்டவர்தானே. கலியாண நாளிலை எங்களை நையாண்டி பண்ண ஹோர்னையே கெடுத்துப்போட்டார்."

பெண்வீட்டுப் பையன் ஒருவன் மாப்பிள்ளையின் காலைக் கழுவியதும், மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போட்டதும், ஆராத்தி எடுத்ததும் அம்பலவாணனுக்குச் சரியாகத் தெரியவில்லை. மேல் மாடியில் மணப்பெண் அறை ஜன்னல் கார் பார்க்கைப் பார்த்தபடி திறந்திருந்ததுதான் தெரிந்தது. ஐந்து நிமிடத்தில் யோகமலர் வந்து, "பிள்ளை கூப்பிடுறாள்" என்றார். மனைவியின் குரல் செத்துப்போயிருந்தது.

அறையில் ஜதுர்ஷிகா, தாலிகட்டுக்கு உடுக்கிற கூறைச்சேலைக்கு முந்திய சேலையில், நெற்றிப்பட்டத்தோடு இருந்தாள். பக்கத்தில் கிருஷ்ணராசா, என்ன செய்வதென்று தெரியாமல், கையில் ஒரு புதுச் சால்வையோடு நின்றார். புவனேந்திரனின் அக்காவும் பின்னாலேயே ஏறி வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். வீடியோக்காரன் கமராவை இறக்குவதா வேண்டாமா என்று யோசித்தான்.

"வேணுமெண்டே செய்தனீங்கள் அப்பா?"

அம்பலவாணன் சால்வையின் நுனியைப் பிடித்து முறுக்கினார். இல்லை என்று சொல்லலாம். சொன்னால் அடுத்த கேள்வி, பிறகு எப்படிப் பிழைத்தது? எனக்குத் தெரியவில்லை என்றல்லவா சொல்லவேண்டும். கெட்டவன் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும், வேலை தெரியாதவன் என்று மட்டும் ஒருவரும் நினைக்கக்கூடாது. பெற்ற மகளின் முன்னால், வாழ்நாளில் ஆசைப்பட்ட ஒன்று கையைவிட்டுப் போகிற அந்த நேரத்திலும், அந்த மனிதருக்கு அப்படித்தான் புத்தி போனது.

"சரி" என்றாள் ஜதுர்ஷிகா. கண் கலங்கியது, மை கரையாமல் விரலால் ஒற்றிக்கொண்டாள். "சித்தப்பா, அந்தச் சால்வையைப் போடுங்கோ."

அப்போதுதான் புவனேந்திரன் அக்காவை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். படியேறி வந்ததில் மூச்சு வாங்கியது.

"பிள்ளை, என்ன இது? மெட்டை மாத்தச் சொன்னது நான்தான். பழசு எனக்கு அலுத்துப்போச்சு. அண்ணை வேண்டாமெண்டுதான் சொன்னவர். நான்தான் நிண்டு பிடிச்சனான்."

"ரியலி மாமா?"

"ஓம் பிள்ளை. நான் சொல்லாமல் அண்ணை செய்வரோ?"

ஜதுர்ஷிகாவின் முகம் தெளிந்தது. கிருஷ்ணராசா சால்வையை அவசரமாக மடித்தார். "உண்மையே அப்பா?" என்று அவள் கேட்டாள். சும்மா ஒரு தரம் தலையாட்டினால் போதும். மணவறையும் கிடைக்கும், மகளும் கிடைப்பாள், கைதேர்ந்த வேலைக்காரன் என்ற பெயரும் மிஞ்சும்.

நல்ல மனதால்தான் அடுத்ததைச் சொன்னார் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் புவனேந்திரனின் பொய்யைப் பிச்சையாக வாங்கி மகளைக் கொடுப்பதா என்ற எரிச்சல்தான் அவருக்கு முதலில் வந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வந்த குரல் அவருக்கே பழக்கமில்லாததாக இருந்தது.

"அவர் பொய் சொல்றார். ஒருத்தரும் மாத்தச் சொல்லேல்லை. குழலிலை நான் போட்ட நம்பர் அழிஞ்சுபோச்சு. எது எங்கை போறதெண்டு எனக்குத் தெரியேல்லை. கேக்க வெக்கமாயிருந்தது."

அக்கா வாசலை விட்டு ஒதுங்கினார்.

"தெரியேல்லையா?" ஜதுர்ஷிகா எழுந்து கிட்ட வந்தாள். "ஒரு கோல் பண்ணியிருக்கலாமே அப்பா."

"ஓம். பண்ணியிருக்கலாம்."

"தெரியாதெண்டு நீங்கள் சொல்லி என்ரை லைஃபிலை நான் கேட்டதே இல்லை." அவள் அவருடைய சால்வையின் நுனியைப் பிடித்து நேராக்கினாள். "போங்கோ. ஐயர் காத்திருக்கிறார். சித்தப்பா, நீங்கள் முன்வரிசையிலை இருங்கோ."

மணவறையில் ஒரு பக்கம் அம்பலவாணனும் யோகமலரும், எதிர்ப்பக்கம் புவனேந்திரனும் சிவகௌரியும். ஐயர் தர்ப்பையைத் தேடிக்கொண்டிருந்தார். மேளகாரர் ஒரு நிமிடம் ஓய்ந்தார்கள். புவனேந்திரன் முன்னால் சாய்ந்து, ஒருவருக்கும் கேட்காமல் சொன்னார்.

"நாலும் ஆறும்தான் மாறியிருக்கு அண்ணை. மற்றதெல்லாம் சரி."

அம்பலவாணன் நிமிர்ந்தார். "எப்ப தெரியும்?"

"வியாழக்கிழமையே. முதல்தரம் அடிக்கேக்கையே தெரிஞ்சுபோச்சு."

"பிறகேன் சொல்லேல்லை? அப்பவே மாத்தியிருப்பனே."

புவனேந்திரன் கொஞ்சம் கூச்சப்பட்டார்.

"இல்லை அண்ணை… நல்லாயிருக்கெண்டு முதல் சொல்லிப்போட்டு, பிறகு சொல்லுவம் எண்டிருந்தன். அதுக்குள்ளை நீங்கள் வெளியிலை சிரிச்சுக்கொண்டு நிண்டனீங்கள். இவ்வளவு நாளிலை நீங்கள் அப்பிடிச் சந்தோசமாய்ச் சிரிச்சு நான் கண்டதில்லை. அதைக் கெடுக்க மனம் வரேல்லை."

அம்பலவாணன் எதிரே இருந்த அந்த முகத்தைப் பார்த்தார். வியாழக்கிழமைச் சிரிப்பு எந்தச் செவிடனைப் பார்த்து வந்தது என்பதை இந்த மனிதருக்குச் சொல்லவேண்டும் என்று தோன்றியது. மேலே அறையில் அத்தனை பேருக்கு முன்னால் ஒரு உண்மையைச் சொல்லிவிட்டு வந்த வாய்தான். இதற்கு அது திறக்கவில்லை. ஐயர் அவருடைய பாட்டன் பெயரைக் கேட்டார். இரண்டாம் தரம் கேட்ட பிறகுதான் அவருக்கு அது காதில் விழுந்தது. பெயரைச் சொல்லி, மகளின் கையை எடுத்து, யோகமலர் தண்ணீர் வார்க்க, புவனேந்திரனின் மகன் கையில் வைத்தார்.